தண்ணீர் இறங்க இறங்க

சூப்பில் உப்பு குறைவாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

டியோலிண்டா பதறிப்போய் முதலில் பின்கதவைத்தான் பார்த்தாள். யாரோ உள்ளே வந்துவிட்டார்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்ற எண்ணத்தில் தோளில் கிடந்த துண்டை இழுத்து அடெலினோவின் மடியில் போட்டு மறைத்தாள். கதவு சாத்தியே இருந்தது. இரண்டு வருஷமாக இறங்கியிருந்த ஜன்னல் பலகைகள் இப்போதும் இறங்கித்தான் இருந்தன. அவற்றின் இடுக்கு வழியே செப்டம்பர் மாதத்து மதிய வெயில் கோடுகோடாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த அறையில் அவளையும் அவள் கணவனையும் தவிர யாரும் இல்லை.

“உப்பு கம்மி, லிண்டா,” என்றான் அடெலினோ.

கோசுக்கீரை சூப் அவன் மோவாயிலிருந்து கழுத்தில் கட்டியிருந்த துணியில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் நேராக அவளைப் பார்த்தன. ஒரு வருஷத்துக்கு மேல் அவன் வாயிலிருந்து சொல் என்று ஒன்றும் வந்ததில்லை. படுக்கையில் நனைந்துவிட்டால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும், சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அதைக் கேட்டால் அவள் எழுந்துபோய் மாற்றிவிடுவாள். கணவன் மனைவிக்குள் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான்.

அவள் ஓடிப்போய் உப்பு எடுத்துவந்தாள். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. அவன் தானே கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டான். வெளியே, தோட்டத்து நீச்சல்குளத்தில், அன்று காலை முதன்முதலாக இறக்கிய பம்பு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நீச்சல்குளத்தை வெட்டியது அடெலினோ முதல்முறை ஊராட்சித் தலைவராக வந்த வருஷம். மூன்று தேர்தல் தொடர்ந்து ஜெயித்தவன். தெருவில் நடந்தால் கடைக்குக் கடை “தலைவரே, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிடுவார்கள். ஆகஸ்ட் மாதத்தில் குளத்தங்கரையில் மத்தி மீன் சுடும் புகை ஊர் முழுக்க மணக்கும். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் நீச்சல் கற்றது அந்தத் தண்ணீரில்தான். பிறகு அவனுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. மாதா கோயில் திருவிழாவில் மேடையேறி, ஒலிபெருக்கியைப் பிடித்து, பேச வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். அவனுடைய வெள்ளைக் கால்சட்டையில் முன்பக்கம் ஒரு ஈரம் மெல்லக் கீழே இறங்கியது. ஊரே பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை டியோலிண்டாவால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. அடுத்த மாதமே, வைத்தியத்துக்காகக் கணவனை லக்சம்பர்க்கில் இருக்கிற மகள் தெல்மாவிடம் அனுப்பிவிட்டதாக ஊரில் சொன்னாள். சொன்ன நாளிலிருந்து பின்னறையின் பலகைகள் இறங்கின. பெரியவர்களுக்கான அணையாடையை ஆற்றுக்கு அக்கரையில், தன்னைத் தெரியாத மருந்துக்கடையில் வாங்கி, பைக்குள் வைத்து, மேலே முட்டைக்கோசை வைத்து மூடிக் கொண்டுவருவாள். படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் காயப்போடுவாள். மாதாமாதம் குளத்தைச் சுத்தம் செய்ய வந்தவனையும் நிறுத்திவிட்டாள். தண்ணீர் முதலில் பச்சையானது, பிறகு கறுத்தது, பைன் ஊசிகள் ஒரு ஜமுக்காளம்போல மேலே மூடிக்கொண்டன.

கடைசியில் அந்தத் தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது. பக்கத்துவீட்டுக் கிராசிண்டாவின் ஒயின் அறைச் சுவரில் பச்சையாக ஒரு கறை கசிந்து இறங்கியது.

“என்ன டியோலிண்டா, உன் குளம் என் பீப்பாய்க்குள்ள வந்து உக்காந்திருக்கு!” என்று மதில்மேல் தலையை நீட்டினாள் கிராசிண்டா. “கொசு, தவளை எல்லாம் பொறுத்துக்கிட்டேன். இத எப்படிப் பொறுக்கிறது? நீ பாக்கலைன்னா நான் ஊராட்சியில சொல்லி ஆள் கூட்டிட்டு வரேன். அவங்க வந்து உள்ள எல்லாம் பாக்கட்டும்.”

உள்ளே எல்லாம் பார்க்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அக்கரையிலிருந்து குளம் பழுதுபார்க்கும் விர்ஜிலியோவைக் கூப்பிட்டாள்.

விர்ஜிலியோ பருத்த உடம்புக்காரன், ஓயாமல் பேசுவான், வேலையைவிடப் பேச்சில்தான் அதிகம் வியர்த்தான். குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஒரே நாள்ல காலி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க, டோனா டியோலிண்டா,” என்று மரியாதைப் பட்டம் வைத்துச் சொன்னான். “அடியில ஊத்து இருக்கு. உள்ள இருக்கிற தண்ணிதான் தொட்டிய அமுக்கி வெச்சிருக்கு. மொத்தமா எடுத்தா தொட்டி அப்படியே மண்ணுலேருந்து எழும்பி வந்துடும். எங்க ஊர் டாக்டர் வீட்டுல வந்துச்சே! தோட்டத்துல கப்பல் நின்ன மாதிரி. தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம்.”

“எடுங்க.”

“வீட்டுல வேற யாரும் இல்லையா?”

“இல்ல. அவர் லக்சம்பர்க்ல இருக்கார்.”

அன்று தண்ணீர் ஒரு படி இறங்கியது. அன்றுதான் அடெலினோ உப்பு கேட்டான்.

மறுநாள் இன்னொரு படி தெரிந்தது; பாசி படிந்து, பல்லில் காரை பிடித்ததுபோல. அன்று காலை டியோலிண்டா அறைக்குள் போனபோது அடெலினோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். விரிப்பு நனையவில்லை. தலையணையில் மட்டும் தலை வைத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தபோது ஊறிய இலையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை வந்தது. குளத்திலிருந்து வருகிற காற்று வீடு முழுக்க அப்படித்தான் நாறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறையை மாற்றினாள்.

அதற்கடுத்த நாள் அவன் நடந்தான். தானே குளித்தான். முதுகு தேய்த்துவிடப் போனவள் அவன் இடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். படுத்துப் படுத்தே வந்த புண் ஒன்று அங்கே இருந்தது; மாதக்கணக்காக அவள் காலையும் மாலையும் கழுவி மருந்து வைத்த புண். இப்போது அந்த இடம் வழவழவென்று இருந்தது. தழும்புகூட இல்லை. விரல் வைத்துப் பார்த்தாள். குளத்துத் தரை ஓடு ஒன்றைத் தொட்டதுபோலச் சில்லென்றிருந்தது.

“என்ன பாக்கிற?” என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்பார். தெல்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தெல்மா ஆரம்பத்திலிருந்தே இந்தப் பொய்யைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்று மாலை போன் செய்தபோதும் “அப்பாவை வெளிச்சத்துல உக்கார வைம்மா, அவர் என்ன தப்பு பண்ணார்?” என்றுதான் ஆரம்பித்தாள். டியோலிண்டா போனை அவன் காதில் வைத்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், திருப்பிக் கொடுத்தான்.

“யாரு?”

“தெல்மா. நம்ம தெல்மா.”

“ஓ, தெல்மாவா! மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தானே குதிப்பா. படிக்கட்டுல கால் பட்டு ரத்தம் வந்துச்சே, ஆரஞ்சு நீச்சல் உடை போட்டிருந்தா.”

அது சரிதான். ஆனால் தெல்மாவின் கல்யாணம் அவனுக்குத் தெரியவில்லை, பேரன் பெயர் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் அம்மாவின் படத்தை வேற்று ஆளைப் பார்ப்பதுபோலக் கடந்துபோனான். சமையலறையில் கரண்டி எந்த இழுப்பறையில் என்று தேடினான், கழிவறைக்கு எந்தக் கதவு என்று கேட்டான். குளத்தங்கரை ஓடுகளில் எதைக் கிராசிண்டாவின் மகன் உடைத்தான், எந்த ஆகஸ்டில் தபால்காரர் குடித்துவிட்டு உடையோடு விழுந்தார், யார் யாரை இருட்டில் தண்ணீருக்குள் முத்தமிட்டார்கள் என்பதெல்லாம் அவன் நுனி நாக்கில் இருந்தது. நோய் விட்டுப்போகும்போது ஞாபகம் இப்படித்தான் திட்டுத்திட்டாகத் திரும்பும் போலிருக்கிறது. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்காமல் இருந்தால் வேறு என்னவோ நினைக்க வேண்டியிருந்தது.

அவன் பின்னறையின் பலகைகளை மேலே இழுத்தான். அவள் தடுக்கவில்லை.

தோட்டத்தில் அவன் நின்றதைப் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் கிராசிண்டா வாயில் கையை வைத்தாள். “ஐயோ மாதாவே, தலைவரா!”

“நானேதான், கிராசிண்டா. உன் பீப்பாயைப் பச்சையாக்கிட்டேனாமே? தேர்தல்ல உன் வீட்டுக்காரன் ஜெயிக்கணும்னா கட்சி நிறத்தையும் இப்படித்தான் மாத்தணும்னு வெச்சுக்கோ.”

கிராசிண்டா கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். “லக்சம்பர்க் காத்து நல்லா ஒத்துக்கிச்சு போலிருக்கே! ஆள் இருபது வயசு குறைஞ்சுட்டீங்க.” பிறகு டியோலிண்டாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “மன்னிச்சுக்கோடி,” என்றாள். “ஊர்ல என்னென்னவோ பேசினாங்க. நானும்தான் பேசினேன்.”

சாயங்காலம் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனான். கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கட்டிப்பிடித்தார்கள். திருவிழாவில் சிரித்தது யாரோ, அந்த ஆளும் அங்கே இருந்திருப்பான். அவனும் வந்து கை குலுக்கியிருப்பான். டியோலிண்டா நிமிர்ந்து உட்கார்ந்து காப்பி குடித்தாள். கழுத்து எலும்பே வலித்தது, அத்தனை நாள் குனிந்தே இருந்திருக்கிறாள். “ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க,” என்று அடெலினோ கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னான். “குளத்துல புதுத் தண்ணி. மீன் என் செலவு!”

திரும்பி வரும்போது அவன் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. வானத்தில் மேகமே இல்லை.

குளத்தில் பாதிக்கு மேல் வடிந்துவிட்டிருந்தது. வெடிப்பு தெரிந்தது, சுவரில் கோணல்மாணலாக ஒரு விரல் அகலத்துக்கு. விர்ஜிலியோ அதைக் கொத்தி, கழுவி, சிமென்ட் கலவை வைத்து அடைத்தான். வேலைக்கு நடுவில் சமையலறை வாசலில் வந்து தண்ணீர் கேட்டான்.

“உள்ள ஏதோ மாட்டிக்கிட்டு இருக்கு, டோனா டியோலிண்டா. ஆழமான பக்கம். நாயோ என்னமோ.”

“எப்படிச் சொல்றீங்க?”

“சத்தம் வருதே. நீங்க கேக்கலையா?”

“குழாய்ல காத்து போகும்,” என்றாள்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.” அவன் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். “ஆனா காத்து மூச்சு வாங்காது.”

அவன் சாப்பிடப் போன மதிய நேரத்தில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த வெயிலில், பம்பும் நின்றிருந்தது. சில்வண்டுகள் மட்டும் பைன் மரங்களில் அறுத்துக்கொண்டிருந்தன. டியோலிண்டா துணி உலர்த்த வந்தவள். இப்போதெல்லாம் வெளியிலேயே உலர்த்தினாள். கையில் விரிப்போடு நின்றாள். சில்வண்டுகள் ஒரே சமயத்தில் நிறுத்தின.

அப்போது கேட்டது.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

அவள் கால்கள் தானாகவே ஓரடி எடுத்து வைத்தன. இத்தனை வருஷப் பழக்கம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடாத ராத்திரி இல்லை. மறுபடியும் இரண்டு, ஒன்று. குளத்தின் ஆழமான கோடியில் மிஞ்சியிருந்த கறுப்புத் தண்ணீரில், இலைக்குவியலுக்கு அடியில், ஏதோ ஒரு குமிழி எழும்பி உடைந்தது.

பின்னால் வீட்டுக்குள் அடெலினோ சீட்டியடித்துக்கொண்டே முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

அவள் விரிப்பைக் கொடியில் போட்டாள். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். முகம் காந்தியது. பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அடையாளம் தெரிந்தும் தெரியாதவள்போல நடந்து வந்தாளே, அதுதான் உடம்பு முழுக்க எரிந்தது.

அன்றிரவு அவன் அவள் பக்கத்தில் படுத்தான். நோய் வந்த பிறகு அவர்கள் ஒரே கட்டிலில் படுத்ததில்லை. அவன் மூச்சு ஒழுங்காக, அமைதியாக, கரையில் மோதும் சின்ன அலைபோல வந்துபோனது. அவனுடைய நகங்களுக்கு அடியில் பச்சையாக ஒரு கோடு இருந்தது.

“நீ கரையில வந்து உக்காந்து அழுவியே, லிண்டா,” என்றான் இருட்டில். “காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு. வெட்கமா இருக்கு, வெட்கமா இருக்குன்னு.”

அவள் அப்படி அழுதது உண்மைதான். அப்போது அடெலினோ பின்னறையில், கட்டிலில், கண் மூடிக் கிடந்தவன். அங்கே தண்ணீரைத் தவிர யாரும் இருந்ததில்லை.

“இனிமே உனக்கு வெட்கமா இருக்காது,” என்று சொல்லி அவள் கன்னத்தைத் தடவினான். கை ஈரமாக இருந்தது.

அவள் அந்தக் கையை விலக்கவில்லை.

மறுநாள் வடிகால் பக்கம் ஒரு குட்டை மட்டும் மிச்சம். விர்ஜிலியோ மண்வெட்டியோடு இறங்கினான். சமையலறை ஜன்னல் வழியே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே டியோலிண்டா பூண்டு உரித்தாள். அவன் இலைகளை வாரிப் போட்டான். வாரிப் போட்டான். நின்றான். குனிந்தான். தொப்பியைக் கழற்றினான்.

தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தான். பந்தல் நிழலில் அடெலினோ நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

விர்ஜிலியோ மேலே ஏறி வந்தான். காலணியில் கறுப்புச் சேறு.

“அங்க உக்காந்திருக்காரே... அவர் யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

“அப்போ கீழ கிடக்கிறது?”

கீழே என்ன கிடக்கிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். அவள் கேட்கவில்லை. உரித்த பூண்டுத்தோலை விரலால் ஒன்றுசேர்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

“உயிரு இருக்கு, டோனா டியோலிண்டா,” என்றான் மெதுவாக. “பாத்துக்கோங்க.”

கை கழுவவில்லை. பம்பை எடுக்கவில்லை. வண்டி ஆற்றுப் பாலம் பக்கம் போகும் சத்தம் தேய்ந்து நின்றது.

“போயிட்டானா?” என்றான் அடெலினோ, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “போகட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். தண்ணி லாரிக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வரும்.”

காலையில் லாரி வருவதற்கு முன்னால் அவள் குளத்துக்குள் இறங்கினாள்.

பாசி எல்லாம் தேய்த்து எடுத்திருந்தது. எப்போது தேய்த்தான் என்று தெரியவில்லை. ஓடுகள் வெள்ளையாக மின்னின. சரிவில் செருப்பு வழுக்கியது. சுவர்கள் உயர உயர வெளியில் இருந்த சத்தம் எல்லாம் அடங்கி, அவள் மூச்சே அவளுக்குத் திரும்பக் கேட்டது. கோடியில், வடிகால் மூடியின் மேல், பைன் ஊசியும் சேறுமாக ஒரு குவியல்.

அதை விலக்கினாள்.

கோடு போட்ட சட்டை. அவள் போட்டுவிட்டது. ஒரு பொத்தான் மட்டும் நிறம் வேறு. அவள் தைத்தது. சட்டை சுருண்டிருந்த இடத்தில் இடுப்புப் புண், ஓரமெல்லாம் வெளுத்துப்போய். பாசி ஒட்டிய நரைமுடி. திறந்த கண்கள்.

கண்கள் அவளைத் தேடின. கண்டுபிடித்தன. வாய் திறந்து, தண்ணீர் வழிந்து, உதடுகள் குவிந்தன.

“லி...” என்றான்.

முனகல் இல்லை. பெயர். அவள் பெயரின் பாதி.

“நான்தான். நான் வந்துட்டேன். எழுந்திரு, எழுந்திரு அடெலினோ.” அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கனமே இல்லை. தினமும் தூக்கிய உடம்புதான். நாலு அடி சரிவில் ஏற்றிவிட்டால் படிக்கட்டு. படிக்கட்டிலிருந்து கதவு. போர்வை. சூடாகச் சூப்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

“தலைவரே! தண்ணி வந்தாச்சு!” கிராசிண்டாவின் குரல். கூடவே வேறு குரல்கள். சிரிப்புகள். “நாங்களும் பாக்கலாமா, தலைவரே? முதல் தண்ணி விழறதப் பாக்கணும்!”

வாசல் கதவு திறக்கிற கிறீச். சரளைக்கல்லில் காலடிகள்.

டியோலிண்டா அண்ணாந்து பார்த்தாள். கரையில் அவன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, கை பின்னால் கட்டியிருந்தது. அவளையும் அவள் கைகளில் கிடந்ததையும் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தான். மிரட்டவில்லை. தலைகூட அசைக்கவில்லை. அவள் முடிவுக்குக் காத்திருந்தான்.

காலடிகள் நெருங்கின. இன்னும் கொஞ்ச நேரத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். குனிந்து பார்ப்பார்கள். நனைந்த சட்டையை. எச்சிலை. புண்ணை. அவளை.

கையை விட்டாள்.

அவன் மெல்லச் சரிந்து பழைய இடத்துக்கே போனான். அவள் இலைகளை வாரினாள். காலில் போட்டாள். இடுப்பில் போட்டாள். அவன் அசையவில்லை, அவள் என்ன செய்தாலும் அது தன் நல்லதுக்குத்தான் என்று பழகியவன். முகத்தில் போடும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏறி வந்து கையை மேலங்கியில் துடைத்தாள். லாரிக்காரன் கனத்த குழாயை இழுத்து வந்து எட்டிப் பார்த்தான்.

“அடியில இலை கிடக்கே, அம்மா. அள்ளலையா?”

“மேல மிதந்து வரும். அப்புறம் வலை போட்டு எடுத்துக்கலாம்.” தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“அப்போ திறக்கட்டுமா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கிராசிண்டா அவள் தோளில் கை போட்டிருந்தாள்.

“திறங்க,” என்றாள் டியோலிண்டா.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. மீன் சுட்ட புகை, வறுத்த மிளகாய், ரொட்டி, ஜாடி ஜாடியாக ஒயின். அடெலினோ நாற்காலிமேல் ஏறி நின்று பேசினான். ஒரு சொல் தடுக்கவில்லை. கடைசி வரியில் மனைவியின் பொறுமையைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தினான். கை தட்டினார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குளத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேஜை விரிப்பின் பூக்களைப் பார்த்தாள், விருந்தாளிகளின் காலணிகளைப் பார்த்தாள்.

“இங்க வாயேன்!” கிராசிண்டா அவளைக் குளத்தங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “என்ன மருந்து போட்டீங்க? இப்படித் தெளிஞ்சு நான் பாத்ததே இல்ல. காசு போட்டா தலையா பூவான்னு மேலேருந்தே சொல்லிடலாம்!”

மருந்து எதுவும் போடவில்லை. ஆனால் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு தெளிவு. ஒரு இலை இல்லை. ஒரு தூசி இல்லை. வரிசையாக வந்து நின்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். “ஆகா” என்றார்கள். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு குதித்தார்கள்.

“நீயும் இறங்கேன், லிண்டா,” என்று பின்னாலிருந்து ஒரு ஈரக் கை அவள் இடுப்பைச் சுற்றியது. “தண்ணி நல்லா இருக்கு.”

அவள் சிரித்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே.

பிள்ளைகளின் கால்கள் உதைத்துக்கொண்டு போய்வந்தன. அவற்றுக்குக் கீழே, குளத்தின் அடியில், வேறு யார் கண்ணிலும் படாமல், வடிகால் மூடியின்மேல் அடெலினோ உட்கார்ந்திருந்தான். நரைமுடி மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது. தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. சட்டை நனைந்துவிட்டது, அவள் வந்து கழற்றி வேறு போட்டுவிடுவாள் என்று, மெலிந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக் காத்திருந்தான்.